தண்ணீர் அறுபதைத் தொட்டதும்: வசந்தகால ஏரியில் க்ராப்பியும் பாஸும் பிடிக்க முழுமையான வழிகாட்டி

1992 ஜனவரி 24 அன்று கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பேரி செயின்ட் கிளேர் என்பவர் க்ராப்பி என்னும் சின்ன நன்னீர் மீனுக்காக, அதைவிடச் சின்ன மீனை முள்ளில் கோத்துப் போட்டிருந்தார். வந்து மாட்டியது 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ், அகன்ற வாய் கொண்ட வேட்டை மீன். கிலோ கணக்கில் எட்டேகால். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மாநிலச் சாதனையை யாராலும் தாண்ட முடியவில்லை.

இந்த இரண்டு மீனையும் ஒரே கட்டுரையில் எழுதுவதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். ஒன்றைத் தேடிப் போனால் மற்றது பக்கத்தில்தான் இருக்கும். வசந்தத்தில் இரண்டும் இனப்பெருக்கத்துக்காகக் கரையை ஒட்டி வரும்போது இன்னும் நெருக்கம். படகு இல்லாதவர்களுக்கு வருடத்தில் நல்ல காலம் என்றால் இதுதான்.

லேக் ஃபோர்க்கையும் டாலஸைச் சுற்றியுள்ள ஏரிகளையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்றரை மணி நேரக் கார் பயணம். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தேதிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ஃப்ளோரிடாவில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும், டென்னசியில் ஏப்ரல், மினசோட்டாவில் மே கடைசி அல்லது ஜூன். தண்ணீரின் சூடு மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மீன் என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஊரில் கண்மாய்க் கரையில் விளையாடியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஜிலேபி மீன் தண்ணீர் வற்றிய ஓரத்தில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிக்க, அடியில் நின்று காவல் காப்பதையும் பார்த்திருப்பீர்கள். லார்ஜ்மவுத் பாஸ் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும்.

ஆண் பாஸ் முதலில் கரையோரம் வரும். இரண்டு முதல் ஆறு அடி ஆழத்தில், காற்று நேரடியாக அடிக்காத இடத்தில், மணலோ சரளையோ வேர்க்கட்டையோ உள்ள கெட்டியான தரையைத் தேடும். வாலால் சேற்றைப் பெருக்கித் தள்ளி, தன் உடம்பைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு ஒரு வட்டம் போடும். பெரிய பெண் மீன் அப்போது சற்று ஆழத்தில் காத்திருக்கும். நேரம் வந்ததும் வந்து முட்டையிடும், போய்விடும். எல்லா முட்டையையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் விடுவதும் இல்லை. முட்டைகள் சில நாட்களில் பொரிக்கும். அதுவரையிலும், அதன்பிறகு குஞ்சுகள் நீந்தித் திரியும்போதும், காவல் முழுக்க ஆணுடையது. கரையோரம் கண்ணில் படும் சின்ன, முரட்டு மீன் பெரும்பாலும் ஆண் என்று வைத்துக்கொள்ளலாம்.

க்ராப்பியிலும் ஆண்தான் கூடு காக்கும். ஆனால் அவை தனித்தனியே வீடு கட்டுவதில்லை, காலனியாகவே குடியேறும். ஒன்று கிடைத்த இடத்தில் பத்து கிடைப்பது அதனால்தான். வெள்ளை க்ராப்பி, கறுப்பு க்ராப்பி என்று இரண்டு இனம் உண்டு. வெள்ளையில் உடம்பின் குறுக்கே மங்கலான பட்டைகள் இருக்கும், கறுப்பில் மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள். ஆனால் இந்தப் பருவத்தில் வெள்ளை க்ராப்பியின் ஆணும் கன்னங்கரேலென்று ஆகிவிடும். எனவே நிறத்தை நம்ப வேண்டாம், முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். ஐந்து, ஆறு என்றால் வெள்ளை. ஏழு, எட்டு என்றால் கறுப்பு. பிடிப்பதற்கு இந்த வித்தியாசம் தேவையில்லை. ஆனாலும் படகுத்துறையில் யாராவது தவறாகச் சொல்லும்போது எண்ணிக் காட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

படி 1: சட்டம்

டெக்சாஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஆன்லைனில் வாங்கலாம். வருட உரிமம் ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும், ஆக மார்ச்சில் வாங்கினால் அதிகபட்சம் ஆறு மாதம்தான் கிடைக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையிலோ, தண்ணீருக்குள் நீளும் மேடையிலோ நின்று பிடிக்க உரிமமே தேவையில்லை. ரே ராபர்ட்ஸ், டவாகனி, கூப்பர் ஏரிகளில் இப்படிப் பூங்காக்கள் உண்டு. முதன்முதலாகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். லேக் ஃபோர்க்கின் கரையில் பெரும்பகுதி தனியார் நிலம். மரீனா எனப்படும் படகுத்துறைகளில் கட்டணம் கொடுத்து மேடைமீது நின்று பிடிக்கலாம்.

அளவு விதி ஏரிக்கு ஏரி மாறும். மாநிலப் பொது விதிப்படி லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, ஒரு நாளைக்கு ஐந்து. க்ராப்பி 10 அங்குலம், ஒரு நாளைக்கு இருபத்தைந்து. லேக் ஃபோர்க்கில் பாஸுக்குத் தனி விதி: 16 அங்குலமும் அதற்குக் கீழும் வைத்துக்கொள்ளலாம். 16க்கும் 24க்கும் நடுவில் உள்ளதை உடனே விட்டுவிட வேண்டும். 24ம் அதற்கு மேலும் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. குழந்தை பெறும் வயதில் இருப்பதை விட்டுவிட்டுச் சின்னதைச் சாப்பிடு என்பதுதான் இதன் உள்ளர்த்தம். அங்கேயே க்ராப்பிக்கு டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும் வரை குறைந்தபட்ச அளவு கிடையாது, பிடித்ததையெல்லாம் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடும், திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது, அதனால். விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: காலண்டரை மூடுங்கள், தெர்மாமீட்டரை எடுங்கள்

என் முதல் வசந்தம் வீணாய்ப் போன கதையைச் சொல்கிறேன். முந்தைய வருடம் மார்ச் கடைசி வாரத்தில் நண்பர் ஒருவர் அள்ளோ அள்ளு என்று அள்ளியிருந்தார். அதே வாரத்துக்கு நான் விடுப்பு போட்டேன். புதுத் தூண்டில், புது இரை, எல்லாம் தயார். போவதற்கு இரண்டு நாள் முன்பு வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. மூன்று நாள் நின்றேன், ஒரு மீன்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாலை, பக்கத்து மேடையில் பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் எத்தனை டிகிரி?" எனக்குத் தெரியவில்லை. அவர் பையிலிருந்து நூலில் கட்டிய சமையலறைத் தெர்மாமீட்டரை எடுத்து இறக்கினார். 53. சிரித்துவிட்டு அவரும் மூட்டையைக் கட்டினார்.

அன்றிலிருந்து நான் நம்புவது இந்தக் கணக்கைத்தான். எல்லாம் ஃபாரன்ஹீட்.

50 முதல் 55 வரை: மீன் இன்னும் ஆழத்தில்தான். வெயில் அடித்த மத்தியானத்தில் சில பாஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்.

55 முதல் 60 வரை: பாஸ் ஆழத்திலிருந்து கரையை நோக்கி நகரும். வழியில் முனைகளிலும் ஓடைத் திருப்பங்களிலும் நின்று வயிறு முட்டத் தின்னும். ஆண்டின் மிகப் பெரிய மீன் கிடைக்க வாய்ப்புள்ள கட்டம் இது. க்ராப்பியும் ஓடை வாய்க்கு வந்துவிடும்.

60 முதல் 68 வரை: க்ராப்பியின் கல்யாணம். பாஸின் ஆண்களும் குழி போடத் தொடங்கிவிடும்.

65 முதல் 75 வரை: பாஸ் முழுமூச்சில். பௌர்ணமியை ஒட்டி ஒரு பெரிய அலையாக வருகிறது என்று இங்கே பலர் அடித்துச் சொல்வார்கள். என் அனுபவத்தில் தண்ணீரும் சூடாக இருந்து பௌர்ணமியும் வந்தால் சரி, தண்ணீர் குளிர்ந்திருந்தால் நிலா ஒன்றும் செய்யாது.

அளக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தண்ணீரைத் தொட்டால் 66 காட்டும். அது வெயிலின் கணக்கு, ஏரியின் கணக்கு இல்லை. காலையில், இரண்டு அடி ஆழத்தில், மூன்று நாள் தொடர்ந்து அளந்தால்தான் உண்மை தெரியும். தினமும் போக முடியாதவர்கள் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். நான்கைந்து இரவு 50க்குக் கீழே இறங்காமல் இருந்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

டெக்சாஸ்காரர்களுக்கு இயற்கை தரும் கடிகாரமும் உண்டு. இலை வருமுன் ரெட்பட் மரம் ஊதா ரோஜா நிறத்தில் பூத்தால் கிளம்பத் தயாராகலாம். டாக்வுட் வெள்ளையாகப் பூத்ததும் க்ராப்பி கரையில் இருக்கும் என்பது தென் மாநிலங்களின் பழைய சொல். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதுபோலத்தான்.

படி 3: ஏரியில் எங்கே?

வடகரைக்குப் போங்கள். வடகரை தெற்கைப் பார்த்திருப்பதால் வெயில் முழுக்க அதன்மேல் விழும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைக் கரைமேடு தடுத்துவிடும். ஒரே நாளில் ஒரே ஏரியில் வடமேற்கு மூலைக்கும் தென்கரைக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசத்தை நானே அளந்திருக்கிறேன். ஆகவே வசந்தம் அந்த மூலையில் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடும். தென்கரைக்கு அப்புறம் வரும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் இரண்டு வாரப் பருவத்தை நான்கு வாரமாக நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், பெரிய ஏரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். லேக் ஃபோர்க் 27,000 ஏக்கருக்கு மேல். ஆனால் மார்ச், ஏப்ரலில் உங்களுக்கு வேண்டியது, ஓர் ஓடை வந்து சேரும் ஒரு வளைவு மட்டும். அதன் வாயில் ஆழம், உள்ளே போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் நாணலும் சம்பும். வாயில் இருந்து கடைசி வரை நடந்தே தேடிவிடலாம். தண்ணீர் 57 என்றால் வாயில் நில்லுங்கள், 62 என்றால் நடுவில், 67 என்றால் உள் மூலையில்.

1980ல் சபைன் நதி ஆணையம் இந்த அணையைக் கட்டியபோது மரங்களைப் பெரும்பாலும் வெட்டாமலே விட்டுவிட்டார்கள். தண்ணீருக்குள் பட்டமரங்கள் காடாக நிற்கின்றன. க்ராப்பிக்கு இது சொர்க்கம், படகு ஓட்டுபவருக்கு நரகம். மிதவை வைத்துக் குறித்த படகுப்பாதையை விட்டு வேகமாக ஓட்டினால் எஞ்சினின் அடிப்பாகம் கட்டையில் மோதும், செலவு உங்களுடையது. அணை நிரம்புவதற்கு முன்பே அங்கிருந்த குட்டைகளில் பெரிதாக வளரும் ஃப்ளோரிடா இனத்துப் பாஸை விட்டிருந்தார்கள் என்பதும், மேலே சொன்ன அளவு விதியும் சேர்ந்துதான் இந்த ஏரியின் பெயரை உருவாக்கின.

கரையிலிருந்து பார்க்கும்போது கண் தேட வேண்டியவை: விழுந்து கிடக்கும் மரம், நாணலுக்கு நடுவே உள்ள இடைவெளி, படகு மேடையின் நிழல், கல் அடுக்கிய பாலத்தின் ஓரம். கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், மாலையில் அதன் ஓரம் சூடாக இருக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மீன் ஓரடி, இரண்டடியிலேயே கூடு போடும். தெளிவாக இருந்தால் ஆறு எட்டு அடிக்கு இறங்கிவிடும். முதல் நாள் பிடிபட்ட ஆழத்தையே மறுநாளும் நம்பிக்கொண்டு நிற்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். கோடையில் விடியற்காலை என்று பழகியவர்கள் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் நல்ல நேரம். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

படி 4: சாமான்

கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தொங்கும் இரைகளைப் பார்த்துப் பித்துப் பிடிக்கும். அவற்றில் பாதி மீனைப் பிடிப்பதற்காக இல்லை, உங்களைப் பிடிப்பதற்காக. இரண்டு தூண்டில் போதும்.

க்ராப்பிக்கு: ஆறரை அடி மெல்லிய கழி, சின்னச் சுழல் ரீல், 4 அல்லது 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. பட்டமரங்களுக்குள் பிடிப்பதென்றால் பத்தடி நீளக் கழி இன்னும் நல்லது. நம்மூர் மூங்கில் தூண்டில் மாதிரிதான், வீசாமல் நேராக இறக்கலாம். 1/16, 1/32 அவுன்ஸ் ஜிக்குகள் (ஈயத்தலை வைத்த முட்கள்) ஒரு கைப்பிடி, அவற்றில் மாட்டும் இரண்டங்குல மென்ரப்பர் வால்கள், நழுவு தக்கைகள், மெல்லிய கம்பி முட்கள். மெல்லிய கம்பி ஏன் என்றால், மரத்தில் சிக்கினால் நிதானமாக இழுக்க முள் நிமிர்ந்து வந்துவிடும். திரும்ப வளைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பாஸுக்கு: ஏழடி கழி, நடுத்தரத்துக்குச் சற்று மேலான உறுதி, 12 முதல் 15 பவுண்டு நரம்பு. புதியவர்கள் பெய்ட்காஸ்டர் ரீலில், அதாவது வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும் ரீலில், தொடங்க வேண்டாம். நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டு, அதைப் பிரிப்பதிலேயே பொழுது போகும்.

இரண்டுக்கும் பொதுவாகப் போலரைஸ்டு கண்ணாடி. செம்பு நிறமோ தேன் நிறமோ இருந்தால் நல்லது. விலை உயர்ந்த இரைகளில் போடும் காசை இதில் போடுங்கள். தண்ணீரின் மினுக்கம் போய், அடித்தரை தெரிந்தால்தான் பாதி வேலை நடக்கும்.

படி 5: க்ராப்பி

நான் எப்போதும் க்ராப்பியில்தான் தொடங்குவேன். குழந்தைகளுக்குப் பொறுமை போகுமுன் மீன் கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஏதாவது இருக்கும். பெயரை இங்கே பலரும் க்ராப்பி என்று அகர ஒலியை நீட்டித்தான் சொல்வார்கள். லூசியானாவில் சாக்-அ-லே என்பார்கள், பிரெஞ்சில் பால்பை என்று பொருள் வரும். சதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நழுவு தக்கை கட்டும் வரிசை இது. முதலில் நரம்பின்மேல் நூல் முடிச்சு ஒன்று, பிறகு சின்ன மணி, பிறகு தக்கை, அதன்கீழ் ஒரு சிறு ஈயக்குண்டு, கடைசியில் முள் அல்லது ஜிக். தக்கை நரம்பில் வழுக்கி மேலேறி, முடிச்சில் வந்து நிற்கும். முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். மூன்றடியில் தொடங்குங்கள். பத்து நிமிடம் தொடவில்லை என்றால் அரை அடி கூட்டுங்கள். க்ராப்பியின் கண் மேலே பார்க்க அமைந்தது. இரை அதன் தலைக்குமேல் நின்றால் ஏறி வந்து கவ்வும், வயிற்றுக்குக் கீழே போனால் கண்டுகொள்ளாது. ஆகவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் மேலேயே வையுங்கள்.

மின்னோ என்னும் பொடி மீனை உயிரோடு கடையில் டஜன் கணக்கில் விற்பார்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல், மெல்லக் குத்தினால் நெடுநேரம் நீந்தும். ஜிக் என்றால் ஆட்டவே வேண்டாம். தக்கை அலையில் ஆடும் ஆட்டமே போதும். இங்கேதான் நம்மவர்கள் தோற்கிறார்கள். கை சும்மா இருக்காது.

தக்கை எப்போதும் முழுகும் என்று காத்திருக்காதீர்கள். க்ராப்பி இரையோடு மேலேறி வந்தால் ஈயத்தின் பாரம் குறைந்து தக்கை சாய்ந்து படுத்துவிடும். அதுவும் கடிதான். கடித்ததும் வெட்டி இழுக்கக்கூடாது. அதன் வாயோரம் காகிதம் போல் மெல்லியது, கிழிந்துவிடும். கழியை நிதானமாகத் தூக்கினாலே முள் ஏறும். தூக்கிக் கரையில் போடாமல் வலைக்கரண்டியால் ஏந்துங்கள்.

ஒன்று கிடைத்தால் அதே இடத்தில், அதே ஆழத்தில், மறுபடி. பிடிபடுவதெல்லாம் கறுத்த ஆண்களாக இருந்தால், பத்துப் பன்னிரண்டு அடி பின்னால், சற்று ஆழத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். சினை சுமந்த பெண்கள் அங்கே நிற்கக்கூடும்.

படி 6: பாஸ், குழிக்கு முன்பு

என் விருப்பத்துக்குரிய பகுதி இது. 55 முதல் 60 டிகிரி. மீன் பசியோடு இருக்கும், நகர்ந்துகொண்டே இருக்கும், உங்களைப் பார்த்திருக்காது.

லிப்லெஸ் க்ராங்க்பெய்ட் என்று தகரடப்பா மாதிரி சலசலக்கும் இரை ஒன்று உண்டு. சிவப்பு அல்லது செம்பழுப்பு நிறத்தில் வாங்குங்கள், இந்தப் பருவத்தில் பாஸ் விரும்பித் தின்னும் நன்னீர் நண்டின் நிறம் அது. ஓடை வாயில், ஹைட்ரில்லா பாசி முளைத்துவரும் இடத்தில் வீசி, பாசியின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். பாசியில் மாட்டினால் நல்லது. ஒரு வெட்டு வெட்டி விடுவியுங்கள். பத்தில் ஏழு கடி அந்த விடுபடும் நொடியில்தான் வரும். காற்று அடித்துத் தண்ணீர் கலங்கினால் சுழலும் தகடு வைத்த வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் இரையை வீசுங்கள்.

பெரிய பெண் மீன்கள் மாட்டுவது இந்தக் கட்டத்தில்தான். 1986ல் மார்க் ஸ்டீவென்சன் லேக் ஃபோர்க்கில் 17.67 பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்து உயிரோடு ஒப்படைத்தார். அது நவம்பர் மாதம், ஆனாலும் அதிலிருந்து தொடங்கிய ஷேர்லங்கர் திட்டத்தின் மையம் இந்தப் பருவம்தான். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸைப் பிடித்தவர்கள் மீனை மாநிலத்துக்கு இனப்பெருக்கத்துக்காகக் கடன் கொடுக்கலாம். ஏதென்ஸ் என்ற ஊரில் உள்ள மையத்தில் அதன் குஞ்சுகளை வளர்த்து ஏரிகளில் விடுகிறார்கள். எனக்கு இதுவரை அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஏழரைப் பவுண்டோடு நிற்கிறேன். ஏழரை என்று சொல்லவே பயமாக இருக்கிறது.

படி 7: குழியில் இருக்கும் பாஸ்

வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, மெதுவாக, உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் நடங்கள். கரும்பச்சைத் தரையில் தட்டு போல வெளுத்த வட்டம் தெரிந்தால் அது குழி. மேலே ஒரு கருநிழல் நகராமல் நின்றால் அது காவல். பார்த்ததும் வீசாதீர்கள். ஐந்து நிமிடம் பின்னால் போய் நின்று பாருங்கள். உங்களைக் கண்டு ஓடிய மீன் அரை நிமிடத்தில் திரும்பினால் பிடிக்கலாம். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரை எளிமையானது. ஐந்தங்குல மென்ரப்பர் புழுவை நடுவில் குத்தி, ஈயம் இல்லாமல் வீசுவதை வாக்கி ரிக் என்பார்கள். விழும்போது இரு முனையும் துடிக்கும். நாணலுக்குள் என்றால் டெக்சாஸ் ரிக்: கூம்பு ஈயம், 3/0 அல்லது 4/0 முள், முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். கடைக்காரர்கள் நிறங்களுக்குப் பூசணிப் பச்சை, தர்பூசணிச் சிவப்பு என்று காய்கறிக் கடைப் பெயராக வைத்திருப்பார்கள். பூசணிப் பச்சை போதும். குழியில் கண்ணுக்குத் தெரியும் மீனுக்கு மட்டும் வெள்ளை வாங்குங்கள். மீனுக்காக இல்லை, உங்களுக்காக. வெள்ளை மறைந்தால் வாயில் இருக்கிறது என்று பொருள்.

குழிக்கு அப்பால் இரண்டடி தள்ளி வீசி, நத்தையாய் நகர்த்திக் குழிக்குள் கொண்டுவந்து நிறுத்துங்கள். பசியால் கடிக்கப் போவதில்லை. வீட்டுக்குள் நுழைந்த எலியைத் தூக்கி வெளியே போடுவது போலத்தான் எடுத்துத் துப்பும். மூக்கைக் கீழே குத்தி, துடுப்பு விரைத்தால் அடுத்த முறை எடுக்கும். நரம்பில் எதுவும் தெரியாது. கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழி மீனைப் பிடிப்பது டெக்சாஸில் சட்டப்படி சரி. குளிர்ந்த வட பகுதிகளில் சில இடங்களில் இந்தக் காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை அல்லது பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்ற விதி உண்டு, அங்கே பருவம் குறுகியது. சட்டம் சரி என்றாலும், காவல் நிற்கும் ஆண் மீனை மேலே தூக்கிய அந்த நேரத்தில் பக்கத்தில் காத்திருக்கும் ப்ளூகில் என்னும் சின்ன மீன்களின் கூட்டம் முட்டைகள்மேல் பாய்வதைத் தெளிந்த தண்ணீரில் நானே பார்த்திருக்கிறேன். அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு: குழி மீனைப் பிடித்தால் கொக்கியைக் கழற்றி, அதே இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் விடுவேன். படம் ஒன்றே ஒன்று. தொட்டியில் போட்டு ஏரியின் மறுமுனைக்குக் கொண்டுபோவதில்லை. ஒரே மீனை இரண்டாம் முறை தொந்தரவு செய்வதும் இல்லை.

விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடிக்கலாம். ஆனால் மூன்று பவுண்டுக்கு மேல் என்றால் மற்றொரு கையை வயிற்றின்கீழ் கொடுங்கள். தாடையை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டினால் பெரிய மீனின் தாடை முறியும்.

கெட்ட நாட்கள்

குளிர்காற்று வந்து போன மறுநாள் வானம் கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும், மீன் இருக்காது. உண்மையில் இருக்கும், அருகில் உள்ள முதல் ஆழத்துக்கு இறங்கி, வாயை மூடிக்கொண்டிருக்கும். இரையைச் சின்னதாக்கி, வேகத்தைப் பாதியாக்குங்கள். க்ராப்பி என்றால் தக்கையின் முடிச்சை நகர்த்தி இரையை இரண்டடி இறக்குங்கள். பெருமழைக்குப் பின் செம்மண் கரைந்து வந்தால் ஓடையின் மூலைகளை விட்டு, தெளிவும் கலங்கலும் சந்திக்கும் கோட்டைத் தேடுங்கள்.

இடி கேட்டால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் காருக்கு ஓடுங்கள். டெக்சாஸ் வசந்தத்தின் மின்னல் விளையாட்டில்லை, கையில் இருக்கும் கழியோ மின்சாரம் கடத்தும் கிராஃபைட். கரையோரப் புல்லில் காட்டன்மவுத் என்னும் நச்சுப் பாம்பும் தீயெறும்புப் புற்றும் உண்டு, செருப்போடு போகாதீர்கள். படகில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டை கட்டாயம். 60 டிகிரித் தண்ணீர் கையால் தொட்டால் இதமாகத்தான் இருக்கும், விழுந்தால் பெரியவர்களுக்கே மூச்சு அடைக்கும். கிளம்பும்போது படகிலும் வாளியிலும் ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. ஸீப்ரா சிப்பி அப்படித்தான் ஏரிக்கு ஏரி பரவுகிறது. வடிக்காவிட்டால் அபராதம்.

சமையலறை

பாஸை நான் சமைப்பதில்லை. க்ராப்பியை விடுவதில்லை. பெரிய பாஸில் வயது கூடக்கூடப் பாதரசமும் கூடும். கேடோ போன்ற சில கிழக்கு டெக்சாஸ் ஏரிகளுக்கு அரசின் எச்சரிக்கையே உண்டு. உங்கள் ஏரிக்கு உண்டா என்று பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

க்ராப்பியை ஐஸில் போட்டுக் கொண்டுவாருங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி இரண்டு பக்கமும் சதையை எடுத்து, தோலையும் நீக்கிவிட்டால் முள் இல்லாத வெள்ளைத் துண்டு. குழம்பில் போட்டால் கரைந்துபோகும், முயற்சி செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். வறுவல்தான் அதற்கு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு கரண்டி அரிசி மாவு. கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம், எலுமிச்சை சதையை உடைத்துவிடும். இங்குள்ளவர்கள் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள், அதுவும் குறை சொல்ல முடியாத ருசி.

தண்ணீர் 75ஐத் தாண்டியதும்

பெண் பாஸ் களைத்துப்போய் அருகிலுள்ள ஆழத்துக்குத் திரும்பியிருக்கும், இரண்டு வாரம் எதையும் சீண்டாது. ஆண்கள் மட்டும் கரையில், குஞ்சுக் கூட்டத்தின் கீழே. தண்ணீரின்மேல் மழைத்தூறல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் நகர்ந்தால் அது குஞ்சுகள், அவற்றை விட்டுவிடுங்கள். இப்போதுதான் விடியற்காலைக்குத் திரும்ப வேண்டும். பாஸுக்கு இரையாகும் ஷாட் மீன்கள் கல்கரையோரமும் நாணலோரமும் முட்டையிட வரும், சூரியன் ஏறுமுன் பாஸ் அவற்றை விரட்டித் தண்ணீரைக் கொதிக்கவிடும். மேல்தண்ணீரில் மிதக்கும் இரையை அந்த ஒரு மணி நேரத்துக்கு வீசுங்கள். க்ராப்பி பாலத்தூண்களுக்கும் ஆழத்துப் பட்டமரங்களுக்கும் போய்விட்டிருக்கும். தக்கையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஜிக்கை நேராகப் பதினைந்து அடிக்கு இறக்கிப் பாருங்கள்.